பத்துப் பிள்ளைக்கு ஒரு பாட்டில்

வீல் என்று ஓர் அலறல்.

சுகாதார நிலையத்து வாசலில் நின்று டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்த சொட்டம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பிள்ளைகளின் அழுகையில் அவளுக்குத் தெரியாத ரகம் கிடையாது. பசி அழுகை இழுத்து இழுத்து வரும். தூக்க அழுகை சிணுங்கலில் தொடங்கிச் சிணுங்கலிலேயே அடங்கும். இது இரண்டுமில்லை. ஒரு நொடி மூச்சடங்கி, அப்புறம் ஊரைக் கூட்டுகிற அழுகை. ஊசி அழுகை!

இன்றைக்கு வந்திருப்பதே ஒரு பிள்ளைதானே, ஊசி எப்படி வந்தது?

கிளாஸைப் படியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

சொட்டம்மா என்பது ஊர் வைத்த பெயர். பிள்ளைகளின் வாயில் சொட்டு மருந்து ஊற்றியே பாதி ஆயுளைக் கழித்த நர்ஸ் என்பதால் வந்தது. ஒரு சொட்டைக்கூட வீணாகப் போகவிட மாட்டாள் என்பதால் நிலைத்தது. இரண்டாவது காரணத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

உள்ளே பெஞ்சில் ஒரு குவாரிக்காரி உட்கார்ந்திருந்தாள். புருவத்து முடி வரைக்கும் வெள்ளையாகக் கல் தூசி. மடியில் அலறிக்கொண்டிருந்த கைக்குழந்தையின் தோளில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத இளம் நர்ஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கே 'புதுசு' என்று பெயர். மேஜைமேல் தட்டம்மை ஊசி மருந்துப் பாட்டில். மூடி திறந்திருந்தது. பொடியில் தண்ணீர் கலந்து, மருந்து தயாராகி, ஒரு பிள்ளைக்குப் போட்டும் ஆகிவிட்டது.

சொட்டம்மாவுக்குத் தன் தோளிலேயே குத்தியதுபோல் இருந்தது.

"ஏன்டி, யாரைக் கேட்டுத் திறந்தே?"

"யாரைக் கேக்கணும்க்கா? பிள்ளை வந்துச்சு. திறந்தேன்."

"ஒரு பிள்ளைக்கா?"

"பிள்ளைன்னா ஒண்ணுதானேக்கா இருக்கும்? ரெட்டைப் பிள்ளையாவா பெத்துக்கிட்டு வரச் சொல்றீங்க?"

குவாரிக்காரி களுக்கென்று சிரித்தாள். சொட்டம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாட்டில் பத்துப் பிள்ளைகளுக்கானது. பொடியாக இருக்கும்வரை குளிர்பெட்டியில் சமத்தாக உட்கார்ந்திருக்கும். தண்ணீர் கலந்துவிட்டாலோ ஆறு மணி நேரம்தான் ஆயுள். அதற்குள் பத்துத் தோளில் ஏறாவிட்டால் மிச்சம் குப்பைக்குத்தான்.

அதனால் சொட்டம்மா ஒரு வழி வைத்திருந்தாள். புதன்கிழமை ஊசி நாள். பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் பாட்டில் திறக்கும். ஒன்றிரண்டு வந்தால், "இன்னும் ஆள் சேரட்டும், அடுத்த புதன் வாங்க." ஒரு பிள்ளை வந்தாலும் திறக்கலாம் என்று மேலிடத்து உத்தரவு ஒன்று இருக்கத்தான் செய்தது. மருந்தை வீணாக்கக்கூடாது என்றும் ஓர் உத்தரவு இருந்தது. இரண்டில் எதற்குத் திட்டு விழும் என்பது அவளுக்கு அனுபவத்தில் தெரியும். மருந்துக் கிடங்கில் இருக்கும் ஸ்டோர் சார் ஒவ்வொரு புதனும் மத்தியானம் தவறாமல் போன் போடுவார். "எத்தனை திறந்தீங்க? எத்தனை வீண்?" வீண் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த மாதம் பாட்டில் குறையும். அவள், "வீணே இல்ல சார்," என்பாள். "சபாஷ்!" என்பார் அவர். போன வருடம் வீணாக்காத நர்ஸ் என்று சுவர்க் கடிகாரமே பரிசு கொடுத்தார்கள். இப்போது அதே கடிகாரம் சுவரிலிருந்து அவளை முறைத்தது. மணி ஒன்பது.

"பெரிய ஆஸ்பத்திரியில இப்படித்தான்க்கா," என்றாள் புதுசு, நிலைமை புரிய ஆரம்பித்த குரலில். "முதல் பிள்ளை உக்காந்ததும் பாட்டிலைத் திறந்துருவோம். பின்னாடி வரிசை கேட்டைத் தாண்டி நிக்கும். பக்கத்துல பணக்கார டாக்டர்கிட்ட இன்னும் வசதி. ஒரு பிள்ளைக்கு ஒரு குட்டிப் பாட்டில், மோதிரம் மாதிரி தனி டப்பாவுல வரும். துணைக்கு ஆள் இல்லேன்னு பிள்ளையைத் திருப்பி அனுப்புவாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதுக்கா."

சொட்டம்மா விரல்களை மடக்கி எண்ணினாள். அவள் மனசு கணக்கில் இருந்தது. மூன்று மணிக்குள் ஒன்பது பிள்ளைகள். இல்லாவிட்டால் ஒன்பது ஊசி குப்பைக்கு, அடுத்த மாதம் பாட்டில் இல்லை, 'சபாஷ்' இல்லை.

"இந்தத் தெருவுல எல்லாப் பிள்ளைக்கும் போட்டாச்சு. சந்தைப் பக்கமும் போன மாசமே முடிச்சாச்சு. ஒன்பது பிள்ளைக்கு எங்கே போவேன்? கடையிலயா விக்கிறாங்க?"

"எங்க குவாரி லைன் வீடுங்களுக்கு வாங்களேன் சிஸ்டர்," என்றாள் குவாரிக்காரி. குழந்தை அவள் தோளில் விக்கி விக்கி ஓய்ந்திருந்தது. "எங்ககிட்ட என்ன இருக்கோ இல்லையோ, பிள்ளைங்க இருக்கு."

சொட்டம்மா உதட்டைப் பிதுக்கினாள். கல்குவாரிக் குடியிருப்பு என்றாலே அவளுக்குக் கசப்பு. போன கூட்டத்தில் பெரிய அதிகாரி திரையில் உலகப் படம் ஒன்றைக் காட்டினார். பிள்ளைகளுக்கு ஊசி போட்டு முடித்த இடம் பச்சை, போடாத இடம் சிவப்பு. முன்பு சிவப்பாக இருந்த எத்தனையோ இடங்கள் இன்று பச்சை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் நாட்டுப் படம், அதிலும் பச்சை. அப்புறம் அவளுடைய வட்டாரத்தின் படம். பச்சைப் பரப்பின் ஓரத்தில், தட்டில் ஒட்டிய மிளகாய் விதை போல ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. கல்குவாரி. "ஏம்மா இது?" என்று அவர் கேட்டபோது அவள் எழுந்து நின்று சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது. "அவங்க வர்றதே இல்ல சார்."

"உங்க ஆளுங்க ஊசின்னாலே ஓடி ஒளியறவங்களாச்சேம்மா," என்றாள் இப்போதும்.

குவாரிக்காரி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "வந்துதான் பாருங்களேன்."

வேறு வழி? சொட்டம்மா வாசலுக்கு வந்து குரல் கொடுத்தாள். "டிரைவர்! வண்டியை எடுங்க!"

ஜீப்புக்குள் காலை நீட்டிப் படுத்திருந்த டிரைவர் எழுந்தார். அவர் அவளுடைய கணவர்தான். வீட்டில் 'என்னங்க', ஆபீஸில் 'டிரைவர்'.

"எங்கேம்மா?"

"குவாரிக்கு."

"அந்த ரோட்டுல போனா வண்டியில இருக்கிற போல்ட்டெல்லாம் கீழே கிடக்கும்."

"பொறுக்கிக்கலாம். எடுங்க."

"ஆபீஸ்ல நீ அதிகாரி, நான் டிரைவர். ஒத்துக்கிறேன். வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்."

"வீட்டுலயும் நீங்க டிரைவர்தான். ஸ்டார்ட் பண்ணுங்க."

ஜீப் தானாகக் கிளம்புகிற ஜாதி இல்லை. டீக்கடைக்காரரும் டீ குடிக்க வந்தவர்களும் சேர்ந்து தள்ள, இருமி, தும்மி, கடைசியில் உறுமியது. முன்னால் சொட்டம்மா, மடியில் ஐஸ்பெட்டி. அதற்குள் நுரை மெத்தையில் சொருகிய பாட்டில். பின்னால் புதுசும் குவாரிக்காரியும் குழந்தையும்.

"எதுக்கும் இருக்கட்டும்னு இன்னொரு பாட்டிலும் எடுத்துப் போட்டிருக்கேன்க்கா," என்றாள் புதுசு.

"அதைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்."

டிரைவர் சொன்னது பொய்யில்லை. ரோடு என்று பெயர்தான். பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சம் மண் இருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் சொட்டம்மா ஐஸ்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "எங்க பொண்ணு பொறந்தப்பகூட இவ இப்படிப் பிடிச்சதில்லை," என்றார் டிரைவர் கண்ணாடியில் பார்த்து. புதுசு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நடுவழியில் டயர் வேறு பஞ்சர். மாற்று டயரை மாட்டி முடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சொட்டம்மா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஒருவழியாகக் குவாரி மேடு கண்ணில் பட்ட நேரம், ஊ... என்று சங்கு அலறியது. ரோட்டின் குறுக்கே கயிறு. கயிற்றுக்கு முன்னால் சிவப்புக் கொடியோடு ஓர் ஆள்.

"வெடி வைக்கப் போறோம். வண்டி போகாது."

"ஐயா, நாங்க ஊசி போட வந்திருக்கோம். அவசரம்!"

"நான் பாறைக்கு ஊசி போட வந்திருக்கேன். அது இன்னும் அவசரம்," என்றார் கொடிக்காரர், கொஞ்சமும் அசையாமல். "வரிசையா குழி போட்டு மருந்து ரொப்பியாச்சு. முடிஞ்சு மூணாவது சங்கு ஊதற வரைக்கும் ஒரு எறும்பு போகக்கூடாது."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"பாறையைத்தான் கேக்கணும்."

சொட்டம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஐஸ்பெட்டியை வைத்துக்கொண்டு ஜீப்பின் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். போச்சு. ஒன்பது ஊசியும் போச்சு.

"அக்கா," என்றாள் புதுசு மெதுவாக. "அங்கே பாருங்க."

மேட்டிலிருந்து ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். வெடி வைக்கும்போது குடியிருப்பில் ஒருவரும் இருக்கக்கூடாது என்பது குவாரிச் சட்டம். ஆணும் பெண்ணும், அடுப்பை அணைத்துவிட்டு வந்தவர்களும், பாதிக் குளியலில் வந்தவர்களும், எல்லோரும் இந்தக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் உள்ள தகரக் கொட்டகைக்கு வந்தாக வேண்டும். ஒவ்வொரு பெண்ணின் இடுப்பிலும் ஒரு பிள்ளை. கையில் ஒரு பிள்ளை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒரு பிள்ளை.

டிரைவர் விசில் அடித்தார். "சங்கு ஊதி ஆள் சேர்க்கிறாங்கம்மா. இதை நாம யோசிக்கலையே!"

சொட்டம்மா எழுந்தாள். மூட்டு வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கொட்டகைக்குள் நுழைந்து ஒரு கல்மேல் ஏறி நின்றாள். "அம்மாமாரே! பயப்படாதீங்க. யாரும் ஓடாதீங்க. ஊசி போட்டா கொஞ்சம் காய்ச்சல் வரலாம், அவ்வளவுதான். தட்டம்மை வந்தா கண்ணு போகும், காது போகும், உயிரே போகும். எத்தனையோ ஊர்ல எத்தனையோ பிள்ளைங்க இதைப் போட்டுக்கிட்டு..."

"தெரியும் சிஸ்டர்," என்றாள் முன்வரிசையில் ஒரு பெண். "எங்கே போடுவீங்க? இந்தக் கையிலயா, அந்தக் கையிலயா?" பிள்ளையின் சட்டையை ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தாள்.

சொட்டம்மா திறந்த வாயை மூடவில்லை. "பயமில்லையா உங்களுக்கு?"

"பயமா? நான் ஆஸ்பத்திரிக்கே வந்தேனே! மழைக்கு முன்னாடி. பத்துப் பிள்ளை சேரட்டும்னு சொல்லி அனுப்பிட்டீங்க."

"நான் அதுக்கு அடுத்த வாரம் வந்தேன்," என்றாள் பக்கத்திலிருந்தவள். "எனக்கும் அதே பாட்டுத்தான் பாடினீங்க."

"நான் ரெண்டு தடவை!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ரெண்டாவது தடவை என்னைப் பார்த்து, 'உங்க லைன்ல வேற யாருமே வர மாட்டாங்களா'ன்னு கேட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

சொட்டம்மாவுக்குக் காதெல்லாம் சூடாகியது. புதன் புதனாக, வாசலில் தூசி படிந்த ஒரு முகம். எல்லாம் ஒரே முகம் என்றல்லவா நினைத்திருந்தாள்!

"ஏம்மா, அப்போ எல்லாரும் சேர்ந்து ஒரே நாள்ல வந்திருக்கலாமே?"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. காலையில் ஊசி போட்டுக்கொண்ட குழந்தையின் அம்மாதான் பதில் சொன்னாள். "ஒரு நாளைக்கு ஒருத்திக்குத்தான் சிஸ்டர் மேஸ்திரி லீவு விடுவான். எல்லாரும் வந்துட்டா கல்லை யாரு உடைக்கிறது? நீங்களா வந்து உடைப்பீங்க?"

மூலையில் நின்றிருந்த மேஸ்திரி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "என்னைப் பார்க்காதீங்க. மேல இருந்து உத்தரவு."

சொட்டம்மா அவரைத் திட்ட வாயெடுத்தாள். எடுத்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். அவளிடமும் ஓர் உத்தரவு இருந்ததே! ஒருத்திக்கு மேல் விடாதே என்று அங்கே. பத்துக்குக் கீழ் திறக்காதே என்று இங்கே. நடுவில் இந்தப் பிள்ளைகள்.

அழுவதென்றால் வீட்டுக்குப் போய் அழுதுகொள்ளலாம். சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள்.

"சரி, சரி, பேச்சு போதும்! இதுவரைக்கும் போடாத பிள்ளைங்க எல்லாம் இப்படி வாங்க. மேஸ்திரி, அந்தப் பெஞ்சை இப்படிப் போடுங்க. புதுசு, காய்ச்சல் இருக்கான்னு தொட்டுப் பாரு. டிரைவர், மருந்து மேல தூசி விழாம ஒரு துணி பிடிங்க."

"பிடிக்கிறேன் அதிகாரி!"

இரண்டாவது சங்கு ஊதியது. கொட்டகையில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு மேட்டைப் பார்த்தார்கள். பிள்ளைகளும்தான். வாய் பிளந்து, கண் கொட்டாமல், எப்போது வெடிக்கும் எப்போது வெடிக்கும் என்று. சொட்டம்மாவின் கை ஊசியோடு தயாராக இருந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வாய்ப்பு அவளுக்குக் கிடைத்ததே இல்லை. வெடிக்காகக் காத்திருக்கிற பிள்ளைக்கு உலகமே தெரியாது. சுருக். அவ்வளவுதான். பஞ்சை வைத்துப் பிள்ளையை அம்மாவிடம் கொடுத்த பிறகுதான் 'டமார்!' என்றது. பிள்ளை கை தட்டியது.

"அடுத்தது!"

அடுத்த குழிக்குக் காத்திருக்கும்போது அடுத்த பிள்ளை. சுருக். டமார். இன்னொரு கைதட்டல். ஒரு பொடியன் மட்டும் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாறை கடிச்சிருச்சு," என்று அம்மாவிடம் புகார் சொன்னான். கொட்டகை குலுங்கிச் சிரித்தது. கொடிக்காரரே கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "என் மருந்தும் உங்க மருந்தும் ஜோடி சேர்ந்துருச்சு போலிருக்கே!"

ஒன்பதாவது பிள்ளைக்குப் போட்டபோது பாட்டிலில் ஒரு சொட்டு மிச்சமில்லை, வரிசையில் ஒரு பிள்ளையும் மிச்சமில்லை. மூன்று மணி ஆக இன்னும் நிறைய நேரம் இருந்தது. மூன்றாவது சங்கு ஊதியது. சொட்டம்மா காலிப் பாட்டிலைத் தூக்கி வெயிலுக்குக் காட்டினாள். விளையாட்டில் கோப்பை ஜெயித்தவள் காட்டுவதுபோலக் காட்டினாள். புதுசு துள்ளிக் குதித்தாள். டிரைவர் தூசிக்குப் பிடித்திருந்த துணியைச் சுழற்றினார்.

அப்போதுதான் அந்த அழுகை கேட்டது.

பசி அழுகை இல்லை. தூக்க அழுகை இல்லை. ஊசி அழுகையும் இல்லை. சொட்டம்மா திரும்பினாள். தண்ணீர் பம்புப் பக்கமிருந்து ஓர் ஆள் மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தார். தோளில் ஒரு சிறுமி, தலையெல்லாம் தூசி, கன்னமெல்லாம் கண்ணீர்.

"பம்பை நிறுத்திட்டு வர நேரமாயிருச்சு சிஸ்டர். அந்தப் பக்கக் கொட்டகையில நின்னுட்டோம். இங்கே ஊசி போடறாங்கன்னு யாரோ சொன்னாங்க, அதுல இருந்து அழுவுறா."

"ஊசின்னா பயமா கண்ணு?"

சிறுமி தேம்பலுக்கு நடுவே, பஞ்சு ஒட்டிய தோள்களை ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்டினாள். "எல்லாருக்கும் போட்டாச்சு... எனக்கு மட்டும் இல்லையா?"

சொட்டம்மா கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். காலி. நாக்கு பழக்க தோஷத்தில் தானாகவே புறப்பட்டது. "அடுத்த புதன்..."

பாதியில் நின்றது. மழைக்கு முன்னால் வந்தவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த வாரம் வந்தவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி முகத்திலும் கோபமில்லை. அடுத்து என்ன சொல்வாள் என்று எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும், அதுதான்.

சொட்டம்மா ஐஸ்பெட்டியின் பக்கம் கையை நீட்டினாள்.

"புதுசு, அந்த இன்னொரு பாட்டிலை எடு."

"அக்கா... தொட்டா கையை ஒடிச்சிருவேன்னீங்க?"

"எடுக்கலேன்னாதான் ஒடிப்பேன். கலக்கு, சீக்கிரம்!"

புதுசு ஒரே தாவலில் பாட்டிலை எடுத்து மூடியைத் தட்டித் திறந்தாள். சிறுமி அழுகையை நிறுத்திவிட்டுத் தானே சட்டைக் கையைச் சுருட்டினாள். அந்த நேரம் பார்த்து சொட்டம்மாவின் போன் கிணுகிணுத்தது. ஸ்டோர் சார்! டிரைவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். சொட்டம்மா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஊசியில் மருந்தை ஏற்றினாள்.

"என்னம்மா, இன்னிக்கு எத்தனை திறந்தீங்க?"

"ரெண்டாவது இப்பத்தான் சார் திறந்தோம்."

"ரெண்டாவதா? உங்க நிலையத்துலயா? அப்படி என்னம்மா கூட்டம், எத்தனை பேர் வந்திருக்காங்க?"

சொட்டம்மா சிறுமியைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"ஒருத்தி வந்திருக்கா சார்!"